மாத்திரை சரியாகத்தான் இருந்தது, அம்மா

போனை எடுத்ததும் வேறு எதையும் பேசாமல் "மஞ்சு, சாப்ட்டியாடி?" என்று கேட்கிற என் அம்மாவுக்கு,

சாப்பிட்டேன்ம்மா. இங்கே மலையில் சாமைச் சோறு கிடைக்கிறது. குழம்பு உன் கைப்பக்குவத்துக்குக் கிட்டே வராது, ஆனாலும் வயிறு நிறைகிறது. எனக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டது. வெள்ளிமலைப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிற வேலை. ஆர்டர் வந்தபோது நீ போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அதை அப்பா உன் படத்துக்குக் கீழே வைத்தார். நான் எடுத்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டேன். உன் முன்னால் அதை வைக்க எனக்கு முகம் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு வருஷ திவசம். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் உறையை மூடி ஒட்டப் போவதில்லை. ஊரில் நாலு பேர் படிக்க வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது. உனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும் என்பதால் பெரிய வார்த்தை எதுவும் போடாமல் எழுதப் பார்க்கிறேன்.

உன் அரிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கரும்பு வெட்டுகிறவர்களுக்கு அரிப்பு ஒன்றும் புதிதில்லை. தோகையில் பொடி முள்ளாக இருக்கிற சுனை கழுத்திலும் கையிலும் ஏறிக்கொண்டால் குளித்தாலும் போகாது. வெட்டு நடக்கிற மாதங்களில் நீயும் உன்னோடு வெட்டுகிற கூட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் மூங்கில்துறைப்பட்டு கடைத்தெருவில் பழனிவேல் அண்ணன் மருந்துக்கடையில் நின்று "அரிப்பு மாத்திரை" கேட்பீர்கள். அவர் செட்ரிசின் அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டிரண்டாக வெட்டிக் கொடுப்பார். நீ அதை முந்தானையில் முடிந்துகொண்டு காட்டுக்குப் போவாய். சாயங்காலம் அப்பா டிராக்டரில் கரும்பு ஏற்றி மில்லுக்குக் கிளம்பிய பிறகு, ஆளுக்கு ஒன்று வாயில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், சென்னையில் நான் எம்.பார்ம் படித்தபோது ஆய்வுக்கு எனக்குக் கிடைத்ததும் அதே மாத்திரைதான். மாத்திரைக்குள் செட்ரிசின் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு முறையை உருவாக்க வேண்டும். உன்னிடம் சொன்னபோது நீ வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாய்.

"இத்தனூண்டு மாத்திரைய அளக்கறதுக்கு ரெண்டு வருஷமாடி?"

அந்தப் பொங்கலுக்கு வந்தபோது உட்கார வைத்து விளக்கினேன், ஞாபகம் இருக்கிறதா? தலைமுடியைப் போல மெல்லிய கண்ணாடிக் குழாய். அதற்குள் உப்புக் கரைசல். இரண்டு முனைக்கும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம். மாத்திரையைக் கரைத்து ஒரு பொட்டு உள்ளே விட்டால், அதில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் தன் தன் வேகத்தில் மறுமுனையைப் பார்த்து நகரும். மருந்து ஒரு நேரத்தில் வரும், மற்ற சரக்கு வேறு நேரத்தில் வரும். வழியில் ஒரு விளக்கு இருக்கிறது. மருந்து அதைக் கடக்கும்போது வெளிச்சத்தைக் கொஞ்சம் குடித்துவிடும், உடனே கம்ப்யூட்டர் திரையில் ஒரு மேடு எழும்பும். மேடு எவ்வளவு பெரிசோ மருந்து அவ்வளவு. இதற்குப் பேர் கேப்பிலரி எலெக்ட்ரோபோரெசிஸ் என்று பெருமையாகச் சொன்னேன்.

நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கரண்ட்டு ஜாஸ்தியா இருக்குதே, செருப்பு போட்டுக்கினு வேல செய்" என்றாய். என் இரண்டு வருஷப் படிப்பில் உனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த வருஷம் வெட்டு முடிந்தது. மில் நின்றது. சுனை இல்லை, தோகை இல்லை. உன் அரிப்பு மட்டும் நிற்கவில்லை.

ஆடியில் நான் வந்தபோது உன் கைகளைப் பார்த்தேன். தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, நகம் போன கோடுகள் மட்டும்தான் இருந்தன. முதுகுக்குக் கை எட்டாமல் சீப்பை வைத்துச் சொறிந்துகொண்டிருந்தாய். மாத்திரை வேலை செய்யவில்லை, தூக்கம்தான் வருகிறது என்றாய். பகலிலேயே தூங்கி வழிகிறேன், கூட்டத்தில் எல்லாரும் கிண்டல் செய்கிறார்கள் என்றாய். நான் என்ன சொன்னேன்? "கடைக்காரர் டூப்ளிகேட் மாத்திரை கொடுப்பாரா இருக்கும்மா." கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன். நாலு புத்தகம் படித்தவள் வாயில் அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது, பார். வீட்டில் அப்பா இருந்தார், தம்பி கார்த்தி இருந்தான். இரண்டு பேரும் கேட்டார்கள்.

அம்மா, அந்த வார்த்தையை நம் வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவள் நான்தான். இதை ஊர் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீயே அளந்து பாரேன் என்றாய். இரண்டு மாத்திரை போதாது, ஒரே தயாரிப்பில் வந்த இருபது மாத்திரை வேண்டும், எடை போட்டுப் பொடித்துத்தான் அளப்போம், வெட்டாத அட்டையாக இருந்தால்தான் பின்னால் இருக்கிற எண் முழுசாகத் தெரியும் என்று சொன்னேன். வேறு யாராவது இருந்தால் கடைக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் வாங்கியிருப்பார்கள். உனக்கு அதெல்லாம் வராது. நேரே போய், "எம் பொண்ணு டெஸ்ட் பண்ணணுமாம், வெட்டாத அட்டையா ரெண்டு குடுப்பா" என்று கேட்டிருக்கிறாய். அவரும் கோபப்படவில்லை. தாராளமாகச் செய்யட்டும், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான் என்று இரண்டு அட்டையையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த மனுஷனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பதில்தான்.

உன் இருபது மாத்திரையை ஒரு புதன்கிழமை பொடித்தேன். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. குழாய்க்குள் காற்றுக்குமிழ் புகுந்து மின்சாரம் அறுந்துபோய்க்கொண்டே இருந்தது. கழுவினேன், மறுபடி நிரப்பினேன், மறுபடி அறுந்தது. மறுநாள் மத்தியானம் ஒழுங்காக ஓடியது. மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் மேடு ஒரே இடத்தில், ஒரே அளவில் வந்து நின்றது. பத்து மில்லிகிராம் என்று அட்டையில் போட்டிருந்தது. பத்துதான் இருந்தது. வேறு மருந்து எதுவும் கலக்கவில்லை.

நான் துள்ளினேன்ம்மா. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தச் சந்தோஷம் உனக்காக இல்லை. வெளியே விற்கிற மாத்திரையில் என் முறை வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் நிரூபணம் ஆனது. என் ஆய்வேட்டில் உன் மாத்திரைக்கு "மாதிரி ஐந்து" என்று பேர். என் கைடு அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்றார்.

சாயங்காலம் உனக்குப் போன் செய்தேன்.

"மாத்திரை நல்ல மாத்திரைம்மா. மூணு தபா அளந்துட்டேன். நீதான் சும்மா சொறிஞ்சிக்கினே இருக்கற. உனக்கு மனசுலதான் அரிப்பு."

நீ முழுசாகக் கேட்டுக்கொண்டாய். பிறகு சிரித்தாய். "சரிடி. நீ அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்றாய். சாப்பிட்டாயா என்று கேட்டாய். வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு நீ அரிப்பைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம் இல்லையா? வாரத்துக்கு மூன்று போன் பேசினோம். மழை பெய்ததா என்று கேட்டேன். ஆடு குட்டி போட்டதா என்று கேட்டேன்.

மாத்திரையில் அளவு சரி. ஆனால் பலன் இல்லை. அப்படியென்றால் கோளாறு மாத்திரையில் இல்லை, வேறு எங்கேயோ இருக்கிறது. அடுத்த கேள்வி எங்கே என்பதுதான். பத்தாங்கிளாஸ் பிள்ளைகூட அதைக் கேட்கும். நான் கேட்கவில்லை. உன்னோடு ஒரு வாக்குவாதம் நடந்த மாதிரியும் அதில் நான் ஜெயித்துவிட்ட மாதிரியும் நினைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் நானே எழுதியிருக்கிறேன்: இந்த மருந்து பெரும்பாலும் அப்படியே சிறுநீரில் வெளியேறும், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு உடம்பிலேயே தங்கிவிடும், அவர்களுக்கு அளவைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். என் சொந்தக் கையால் டைப் அடித்த வரி. தூங்கி வழிகிறேன் என்று நீ சொன்னாய். சிறுநீரகம் கெட்டால் வருகிற, தடிப்பு இல்லாத அரிப்பை என் கண்ணால் பார்த்தேன். எல்லாம் என்னிடம்தான் இருந்தது. பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

தை மாதம் உன் கால் வீங்கியது. சோறு இறங்கவில்லை, எதைத் தின்றாலும் குமட்டியது. கார்த்தி கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். நான் பஸ் பிடித்து வருவதற்குள் ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. இரண்டு கிட்னியும் ஏறக்குறைய போய்விட்டது என்றார் டாக்டர். எவ்வளவு நாளாக அரிப்பு இருக்கிறது என்று கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேலே என்றேன். என்ன மாத்திரை போட்டார்கள், தினமுமா என்று கேட்டார். சொன்னேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க பார்மசிதானே படிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முன்னாடியே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று பிறகு தனியாகப் போய்க் கேட்டேன். சொல்ல முடியாது, சில வருஷம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்றார். சில வருஷம், அம்மா. கார்த்தி கல்யாணத்தை நீ பார்த்திருப்பாய்.

டயாலிசிஸுக்கு வாரத்தில் இரண்டு நாள் போனோம். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு நர்ஸுகளிடம் என்னைக் காட்டி, "எம் பொண்ணு மாத்திரைய அளக்கறவ, அவ சொன்னா மெஷினு மாதிரி" என்று சொல்வாய். என் காதில் அது எப்படி விழுந்தது என்று உனக்குத் தெரியுமா? நான் போனில் சொன்னது உனக்கு மறந்துவிட்டதா, இல்லை, ஞாபகம் வைத்துக்கொண்டேதான் அப்படிப் பெருமை பேசினாயா? கேட்கத் தைரியம் இல்லாமல் ஆறு மாதத்தையும் ஓட்டிவிட்டேன். ஆவணியில் நீ போய்விட்டாய்.

உனக்குத் தெரியாதது இதற்குப் பிறகு நடந்தது.

உன் காரியம் முடிந்த மறுநாள் காலையில் ரிஷிவந்தியம் மாமா, அதுதான் உன் தம்பி, அப்பாவிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அக்கா தின்ற மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்தது, போலி மாத்திரை விற்றவனைச் சும்மா விடக் கூடாது என்றார். அப்பா எழுந்து சட்டையைப் போட்டார். பத்துப் பதினைந்து பேர் கிளம்பினார்கள். தடுக்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

கடைத்தெருவில் நல்ல கூட்டம். வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. அப்பா கடை வாசலில் நின்று, "டூப்ளிகேட் மாத்திரைய வித்து எம் பொண்டாட்டிய கொன்னுட்டியேடா" என்று கத்தினார். மாமா மேஜைக் கண்ணாடியை ஓங்கித் தட்டியதில் அது விரிசல் விட்டது. உன் கூட்டத்துப் பெண்களும் அங்கே இருந்தார்கள். பழனிவேல் அண்ணன் கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கூட்டத்துக்குள் தேடி என்னைப் பார்த்தார். அவருக்குத்தான் தெரியுமே, அவர் கொடுத்த அட்டை என் கையால் அளக்கப்பட்டது என்று. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார்.

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சொன்னால் என்ன ஆகும் என்று அந்த ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டேன். மாத்திரை சரி என்று சொன்னால், எப்படித் தெரியும் என்பார்கள். அளந்தேன் என்றால், அப்புறம் ஏன் உங்கம்மாவுக்கு அரிப்பு நிற்கவில்லை என்பார்கள். அதனால் ஒரு நல்ல மனுஷனை என் இடத்தில் நிறுத்திவிட்டேன். கோழைத்தனம் என்பதைத் தவிர இதற்கு வேறு பேர் இல்லை.

மருந்துக்கடைகளைச் சோதிக்கிற அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று போனார்களாம். ஊருக்கு அது காதில் ஏறவில்லை. உன் கூட்டத்துப் பெண்கள் அரிப்பு மாத்திரைக்கு இப்போது பஸ் ஏறி வேறு ஊருக்குப் போகிறார்கள். போலி மாத்திரைக் கடை என்று பழனிவேல் அண்ணன் கடைக்குப் பேர் விழுந்துவிட்டது. வழி சொல்கிறவர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

நான் மலைக்கு வந்துவிட்டேன். ஒளிந்துகொள்ள நல்ல இடம் என்று நினைத்தேன். இங்கேயும் அரிப்பு என்று யாராவது வந்தால் விடுவதில்லை. கால் வீங்குகிறதா, எத்தனை நாளாக, சோறு இறங்குகிறதா என்று துருவுகிறேன், டாக்டரிடம் போய் ரத்தம் பார்க்கச் சொல்லி நச்சரிக்கிறேன். போன மாதம் ஒரு அம்மாவை இப்படிப் படுத்தியெடுத்தேன். கடைசியில் அவருக்கு வெறும் சிரங்கு. டாக்டர் சிரித்தார், அந்த அம்மாவும் சிரித்தார். "இன்னாம்மா, சொறிஞ்சாலே கிட்னியா?" என்று இங்கே என்னைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். உன்னிடம் கேட்காத கேள்விகளை ஊரில் இருக்கிற எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு திரிகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தேன். பஸ்ஸிலிருந்து பார்த்தபோது பழனிவேல் அண்ணன் கடையில் பெயர்ப்பலகை இல்லை. உள்ளே அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. இந்த மாதத்தோடு கடையைக் காலி செய்கிறார் என்று கார்த்தி சொன்னான். ஏதோ மழை வரப்போகிறது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான்.

அப்பா மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். போய் எதிரே நின்றேன். மாத்திரை நல்ல மாத்திரைதான், நான் மூன்று தடவை அளந்தேன், அம்மாவிடம் சொன்னேன், உனக்கு மனசில்தான் அரிப்பு என்று சொன்னேன் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

அப்பா கையில் இருந்த சோளத் தட்டையைக் கீழே வைத்தார்.

"தெரியும்."

"யாரு சொன்னது?"

"உங்கம்மாதான். நீ போன் பண்ண அன்னிக்கே சொன்னா. மாத்திரைல ஒண்ணும் தப்பில்லியாம், பொண்ணு அளந்துட்டாளாம்னு ராத்திரி பூரா எங்கிட்ட சொல்லிக்கினே இருந்தா."

பிறகு ஏன்பா அந்த மனுஷரை அப்படிப் பேசினாய் என்று கேட்டேன். அப்பா மாட்டைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னார்.

"யாரையாச்சும் பேசணும்ல. உன்ன பேசச் சொல்றியா?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்ம்மா. ஒரு வருஷமாக அப்பாவுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நான் நினைத்திருந்தேன். அவர் எனக்காக ஊருக்கே தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கு நடுவில் ஒருத்தர் பிழைப்பு போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா இன்னொன்று சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு மனசே வரவில்லை. அந்தப் போனுக்கு அப்புறம் நீ சீப்பை ஒளித்து வைத்துக்கொண்டாயாம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அப்பா இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்.

"வேணாம், பொண்ணு அளந்து சொல்லிட்டா. போயி வேற எதனா சொன்னாங்கன்னா அவ படிப்பு தப்புன்னு ஆயிடும்னா. அதான் உங்கம்மா."

என் படிப்பு தப்பாகிவிடக் கூடாது என்று நீ அரிப்பைப் பொறுத்துக்கொண்டாயா? எந்த அம்மா இப்படிச் செய்வாள்? எனக்கு உன் மேல் கோபம் வந்தது. ஆமாம், உன் மேல்தான். இரண்டு நாள் உன் படத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு அந்தக் கோபமும் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்துவிட்டது. உன்னை நம்ப வைத்தது யார்?

அந்தத் திங்கட்கிழமையே லீவு சொல்லிவிட்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பழனிவேல் அண்ணன் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நாங்கள் உட்காரவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஆய்வேட்டை எடுத்துப் போயிருந்தேன், அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் அட்டை எண்ணைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

"மாத்திரை நல்லதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா. எங்கிட்ட வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது? அன்னிக்கு இங்க நின்னு பாத்துக்கினு இருந்தாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். அப்பா ஒரு பெட்டியைத் தூக்கி மறுபடி அலமாரியில் வைக்கப் போனார். வேண்டாம், கீழேயே வைத்துவிடுங்க என்று அவர் தடுத்துவிட்டார். கடையைக் காலி செய்வதில் மாற்றம் இல்லையாம். மச்சானோடு சேர்ந்து வேறு ஊரில் பார்க்கப் போகிறாராம். நான் எவ்வளவு பேசினாலும் அது இனிமேல் நடக்கத்தான் போகிறது. தாமதமாகச் சொன்ன உண்மைக்கு இவ்வளவுதான் பலம்.

ஆனாலும் அவர் கேட்டதைச் செய்ய வேண்டும் இல்லையா? அதனால்தான் இதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதினேன்.

அம்மா, உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை திவசத்துக்கு அன்றைக்குக் கடைத்தெருவில் நின்ற அத்தனை பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன். உன் கூட்டத்துப் பெண்கள் வருகிறார்கள். ரிஷிவந்தியம் மாமா வருகிறார். பழனிவேல் அண்ணனையும் கூப்பிட்டேன், பார்க்கலாம் என்றார். இலை போட்டுவிடுவோம். ஆனால் உனக்குப் படைப்பதற்கு முன்னால் நான் எழுந்து இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படிப்பேன். மாமா நடுவில் எழுந்து போகலாம். என்னைத் திட்டலாம். கார்த்திக்குப் பெண் பார்க்கிற நேரத்தில் இது தேவையா என்று கேட்பார்கள். படிப்பேன். அப்பா பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

கடையைப் பற்றிய பேச்சு இரண்டாவதாகத்தான் வரும். முதலில் சொல்ல வேண்டியது வேறு ஒன்று. அதை நான் காகிதத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிடுவேன்: எங்கம்மா சும்மா சொறியவில்லை. அவளுக்கு நிஜமாகவே அரித்தது.

உன் மகள்,
மஞ்சுளா